பாண்டி ஒயிட் டவுனில் ரூம் போடுகிறீர்களா? எந்தக் கட்டடம் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்

பாண்டிச்சேரி ஒயிட் டவுனில் 'ஹெரிடேஜ்' சொகுசு விடுதி தேடுகிறவர்கள் முன்பணம் அனுப்புவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். விடுதியின் பெயரைப் போடவில்லை. அவர்கள் ஏமாற்றிய விதம் தெரிந்தால் போதும்.

அம்மா அப்பாவின் திருமண நாளுக்காக இரண்டு அறைகள் எடுத்தோம். வெப்சைட்டில் பார்த்த படங்கள் அப்படி: மஞ்சள் சுவர், வெள்ளைக் கரை, வாசலில் காகிதப்பூ, நடுவில் முற்றம், ஆள் உயரத்துக்கு மர ஜன்னல். ஒரு அறைக்கு ஒரு இரவு 11,500 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி. முழுப்பணமும் முன்கூட்டியே கட்ட வேண்டும், ரத்து செய்தால் திரும்ப வராது.

ரிசப்ஷன் அந்தப் படத்தில் இருந்த கட்டடத்திலேயேதான் இருந்தது. எலுமிச்சை ஜூஸ் கொடுத்தார்கள், ஆதார் நகல் வாங்கினார்கள், கையெழுத்தும் வாங்கினார்கள். அதன்பிறகு பெட்டிகள் மாடிப்படி ஏறவில்லை. வாசலில் நின்ற ஆட்டோவில் ஏறின. "ரூம் பக்கத்துலதான் சார்" என்றார் கூட வந்த பையன். ஆட்டோ ஒயிட் டவுனின் மேற்கு எல்லையான பெரிய வாய்க்காலைத் தாண்டி ஒரு சந்துக்குள் போய் நின்றது. எதிரில் புத்தம்புதிய மூன்று மாடிக் கான்கிரீட் கட்டடம். முன்பக்கத்துக்கு மட்டும் மஞ்சள் பெயின்ட், பக்கச் சுவரில் சிமென்ட் அப்படியே தெரிந்தது.

அறைக்குள் போனதும், காற்று வரட்டுமே என்று அப்பா மர ஜன்னலின் கதவைத் திறந்தார். பின்னால் சுவர். ஜன்னலே இல்லை, பழைய மரக்கதவு ஒன்றைச் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறார்கள்! நிஜமான ஜன்னல் குளியலறையில் இருந்தது, ஜெனரேட்டரைப் பார்த்தபடி. "இதுக்கு நம்ம ஊர் லாட்ஜே தேவலாம்டா" என்றார் அம்மா.

வாய்க்காலுக்கு மேற்கே தங்குவது ஒன்றும் குறைச்சல் இல்லை, இதையும் சொல்லிவிடுகிறேன். திண்ணையும் தாழ்வாரமும் முற்றமுமாக அருமையான பழைய வீடுகள் தமிழர் பகுதியில்தான் இருக்கின்றன. வைசியாள் வீதியைப் புதுப்பித்ததற்கு 2008-ல் யுனெஸ்கோ விருதே கிடைத்தது. அப்படி ஒரு வீட்டைக் கொடுத்திருந்தால் சந்தோஷமாகத் தங்கியிருப்போம்.

மேனேஜரிடம் கேட்டபோது, "மெயின் பில்டிங்ல ஏசி வேலை நடக்குதுங்க சார். இதுவும் நம்ம ப்ராப்பர்ட்டிதான், கேட்டகிரி ஒண்ணுதான்" என்றார். சரி என்று இருந்தோம். மறுநாள் காலை டிபனுக்கு மெயின் பில்டிங் முற்றத்துக்குப் போனால், மாடியிலிருந்து ஒரு குடும்பம் பெட்டியோடு இறங்கி வருகிறது. ஏசி ஓடியதா என்று கேட்டேன். நன்றாக ஓடியதாம்.

அப்போதுதான் சந்தேகப்பட்டு, நாங்கள் தங்கிய கட்டடத்தை மொபைலில் மேப் வைத்துத் தேடினேன். அதே கட்டடம், அதே ஜன்னல் இல்லாத அறை, வேறு ஒரு பெயரில் ஒரு புக்கிங் ஆப்பில் 4,200 ரூபாய்க்குக் கிடக்கிறது. வரியிலும் வித்தியாசம் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாள் வாடகை 7,500 வரை உள்ள அறைக்கு 5 சதவீதம்தான் ஜிஎஸ்டி, அதற்கு மேல் போனால் 18. ஆக 4,410 ரூபாயில் முடிய வேண்டிய அறைக்கு 13,570 ரூபாய் கொடுத்திருக்கிறோம்.

சாப்பாட்டு பில்லில் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் வேறு. கேட்டால் "எல்லாருக்கும் போடறதுதான் சார்" என்கிறார்கள். போடக்கூடாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது, டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது: சர்வீஸ் சார்ஜ் நாம் விரும்பினால் கொடுப்பது, பில்லில் தானாகச் சேர்க்கக்கூடாது. இதைச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் எடுத்துவிட்டார்கள். தண்ணீர் பாட்டிலுக்கு எம்ஆர்பிக்கு மேல் வாங்கினார்கள் என்று மட்டும் சண்டை போடாதீர்கள். ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடும்போது அப்படி வாங்கலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

இன்னொரு கூத்து, அவர்கள் வெப்சைட்டில் இருந்த '400 ஆண்டுப் பாரம்பரியம்'. பிரெஞ்சுக்காரர்கள் பாண்டியில் காலூன்றியதே 1674-ல். 1761-ல் ஆங்கிலேயர்கள் கோட்டையையும் வெள்ளை நகரத்தையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இன்று துய்மா வீதியிலும் ரோமன் ரோலன் வீதியிலும் நாம் நின்று படம் எடுக்கும் வீடுகள் அதற்குப் பிறகு கட்டியவை. போர்டில் 'ஹெரிடேஜ்' என்று யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். சுற்றுலா அமைச்சகம் ஹெரிடேஜ் ஓட்டல் என்று ஒரு தரச்சான்று தருகிறது, அதற்குக் கட்டடம் 1950-க்கு முந்தையதாக இருக்க வேண்டும். சான்று இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், பேச்சின் தொனியே மாறும்.

போவதாக இருந்தால் முதலில் போன் செய்து, "எனக்குக் கொடுக்கப்போகும் அறை ரிசப்ஷன் இருக்கிற அதே கட்டடத்திலா? அனெக்ஸ், அதாவது வேறு இடத்தில் துணைக் கட்டடம், ஏதாவது இருக்கிறதா?" என்று கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது, வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ எழுதி வாங்குங்கள். ரிசப்ஷனில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அறையைக் காட்டச் சொல்லுங்கள். ஜன்னல் இருந்தால் திறந்தும் பாருங்கள்.

ஊருக்கு வந்ததும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தேன். விடுதியிடமிருந்து பதில் வந்தது: அடுத்த முறை வந்தால் 20 சதவீதம் தள்ளுபடியாம். வேண்டாம், வித்தியாசத் தொகையைக் கொடுங்கள் என்று எழுதினேன், அதோடு பேச்சு மூச்சில்லை. இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுகிறேன். 2019 சட்டப்படி நாம் வசிக்கும் ஊரிலேயே போடலாம், பாண்டிக்கு அலைய வேண்டியதில்லை. நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணமும் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில், வெப்சைட்டின் ஸ்கிரீன்ஷாட், அந்த 4,200 ரூபாய் விளம்பரம், மரக்கதவுக்குப் பின்னால் சுவர் தெரியும் போட்டோ எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறேன். இதே மாதிரி அனெக்ஸுக்கு அனுப்பப்பட்டவர்கள் யாராவது இருந்தால் நீங்களும் பில்லைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.