விடுதி வைஃபைக்கு எந்தப் பூட்டு: டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3, ரேடியஸ்

நல்லூர்த் திருவிழா 25 நாளும் யாழ்ப்பாணத்து விடுதிகளில் வந்து தங்குபவர்களின் கையில் புதிய ஐபோன். வரவேற்பு மேசையிலோ பழைய பிரிண்டர். இரண்டையும் ஒரே அக்செஸ் பொயின்ட் (வைஃபை பரப்பும் பெட்டி) ஏற்க வேண்டும். செக்கியூரிட்டி புரொஃபைல், அதாவது வைஃபையின் பூட்டு அமைப்பு, அதன் தெரிவில் சிக்கலே அதுதான்.

டபிள்யூஇபி, டிகேஐபி என்ற பழைய பூட்டு முறைகள் இரண்டையும் விட்டுவிடுங்கள். டிகேஐபி போட்டால் பாதுகாப்பும் போய், வேகமும் 54 எம்பிபிஎஸ்ஸோடு நின்றுவிடும்.

டபிள்யூபிஏ2-பிஎஸ்கேயை (எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல் உள்ள முறை) ஏஇஎஸ் குறியாக்கத்துடன் போட்டால் அநேகமாக எல்லாக் கருவியும் சேரும். ஓட்டை கடவுச்சொல்லில் இருக்கிறது. ஒரு போன் இணையும்போது கடவுச்சொல்லைச் சரிபார்க்க நடக்கும் செய்திப் பரிமாற்றத்தை, அதாவது கைகுலுக்கலை, வீதியில் நின்றே பதிந்துகொண்டு போய், வீட்டில் ஆறுதலாக ஊகித்துப் பார்க்கலாம். கடையோ விடுதியோ, போன் நம்பரையே கடவுச்சொல்லாக வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: 07 எல்லோருக்கும் பொது, மிச்சம் 8 இலக்கம், அதாவது 10 கோடி சாத்தியங்கள். நல்ல கிராபிக்ஸ் கார்ட்டுக்கு அது சில நிமிட வேலை. யாழ்ப்பாணத்து 021 லேண்ட்லைன் நம்பர் என்றால் 1 கோடிதான். கடவுச்சொல்லுக்கு 63 எழுத்து வரை இடம் இருக்கிறது. தொடர்பில்லாத நாலைந்து சொற்களைக் கோர்த்து 20 எழுத்துக்கு மேல் வையுங்கள்.

டபிள்யூபிஏ3 அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஒவ்வோர் ஊகத்தையும் அக்செஸ் பொயின்டிடமே கேட்டுப் பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்ட் 10, ஐஓஎஸ் 13 முதல் ஆதரவு உண்டு. பழைய பிரிண்டர் சேராது. டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த முறையில் பிஎம்எஃப்பை (இணைப்பைக் கட்டுப்படுத்தும் செய்திகளுக்கான பாதுகாப்பு) கட்டாயம் என்று வைத்தால் பழைய கருவிகள் வெளியே நிற்கும், விருப்பம் என்று வையுங்கள். ஆனால் கலப்பில் டபிள்யூபிஏ2 பக்கத்துக்கும் அதே கடவுச்சொல்தான். அது பலவீனமானால் டபிள்யூபிஏ3 காப்பாற்றாது. அதனால் விருந்தினருக்குக் கலப்பு முறை. பிரிண்டருக்கும் சிசிடிவிக்கும் வேறு பெயர், வேறு கடவுச்சொல், டபிள்யூபிஏ2.

மைக்ரோடிக் ரவுட்டர் பாவிப்பவர்களுக்கு: பழைய வயர்லெஸ் பக்கேஜில் டபிள்யூபிஏ3 இல்லை. அதன் மென்பொருளான ரவுட்டர்ஓஎஸ் 7இன் புதிய வைஃபை பக்கேஜ் வேண்டும். எச்ஏபி ஏசி² மாடல் அதை ஏற்கும், எச்ஏபி லைட் மாடல் ஏற்காது. பழைய பக்கேஜில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று: புதிய புரொஃபைலை அழகாக உருவாக்கிவிட்டு, வயர்லெஸ் இன்டர்ஃபேஸில் அதைத் தெரிவு செய்ய மறப்பது. அங்கே டிஃபோல்ட் இருந்தபடியே இருந்து, அதன் மோட் 'நன்' (பூட்டு இல்லை) என்றிருந்தால் நெட்வேர்க் திறந்தே கிடக்கும். போனில் பூட்டுச் சின்னம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டே எழும்புங்கள்.

ரேடியஸ் (ஒவ்வொருவரின் தனிக் கணக்கையும் சரிபார்க்கும் சேவர்) வைத்த என்டர்பிரைஸ் முறை விடுதிக்கு வீண் சுமை. ஆசிரியர்கள் வந்துபோகும் தனியார் கல்வி நிலையத்துக்கு அது பொருந்தும்: ஒருவர் விலகினால் அவர் கணக்கை மட்டும் வெட்டலாம். சேவருக்கும் யுபிஎஸ் போடுங்கள், கரண்ட் போய் அது நின்றால் புதிதாக எவரும் இணைய முடியாது. அக்செஸ் பொயின்டிலும் சேவரிலும் ஒன்றாகவே போடும் சீக்ரெட் (இரகசியச் சொல்) ஓர் எழுத்து பிசகினாலும் போன் சுற்றிக்கொண்டே இருக்கும், காரணம் சொல்லாது. லொக்கில் ரேடியஸ் டைம்அவுட் என்று வந்தால் முதலில் அந்த சீக்ரெட்டையும் 1812 போர்ட்டையும் பாருங்கள்.

எதைத் தெரிவு செய்தாலும் விருந்தினர் ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது. மைக்ரோடிக்கின் பழைய பக்கேஜில் டிஃபோல்ட் ஃபோர்வேர்டை நிறுத்தினால் அந்த ஒரு இன்டர்ஃபேஸுக்குள் மட்டுமே தடை, 2.4 கிகாஹெர்ட்ஸில் இருப்பவர் 5 கிகாஹெர்ட்ஸில் இருப்பவரை அடையலாம். இன்டர்ஃபேஸ்களை ஒன்றாக இணைக்கும் பிரிட்ஜில் இரு விருந்தினர் போர்ட்டுக்கும் ஒரே ஹொரைசன் எண்ணைக் கொடுத்தால் அந்த வழியும் அடைபடும்.