கை நடுங்குபவருக்கு எந்த ஈசிஜி சரி?

அப்பாவுக்குப் பார்க்கின்சன். வலது கை ஓயாமல் நடுங்கும். போன மாதம் மயிலாப்பூரில் ஒரு லேபில் ஈசிஜி எடுத்தபோது ஏசி குளிரில் அது இன்னும் கூடிப்போனது. மெஷின் 'ஏட்ரியல் ஃப்ளட்டர்' என்று, அதாவது இதயத்தின் மேலறை மிக வேகமாகத் துடிக்கும் கோளாறு என்று, அச்சடித்துவிட்டது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை வேண்டியிருக்கும் என்றார்கள். வீட்டில் அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

குழப்பத்துக்குக் காரணம் எளிய கணக்குதான். பார்க்கின்சன் நடுக்கம் நொடிக்கு 4 முதல் 6 தடவை. நிமிடத்துக்கு 240 முதல் 360. ஃப்ளட்டரில் இதயத்தின் மேலறை துடிப்பதும் ஏறக்குறைய 300 தடவை. காகிதத்தில் இரண்டும் ஒரே மாதிரி ரம்பப் பல்லாகத் தெரியும்.

மணிக்கட்டில் கிளிப் மாட்டும் வழக்கமான முறையில்தான் இந்த ஏமாற்று அதிகம். ஆனால் அதைக் கண்டுபிடிக்கும் வழியும் அதிலேயே இருக்கிறது. இதயத்தின் மின்சாரத்தை உடம்பின் இரண்டு இடங்களுக்கு இடையே அளக்கும் பதிவுதான் லீட். லீட் 1 இரண்டு கைகளுக்கும் இடையே அளப்பது. லீட் 2 வலது கைக்கும் இடது காலுக்கும். லீட் 3 இடது கைக்கும் இடது காலுக்கும்; வலது கைக்கு அதில் வேலையே இல்லை. அப்பாவின் தாளில் முதல் இரண்டும் அலை அலையாக இருக்க, மூன்றாவது மட்டும் தெளிவாக இருந்தது. நிஜ ஃப்ளட்டர் என்றால் அது ஒரு கையை மட்டும் பார்த்து விலகிப் போகாது. எங்கள் டாக்டர் முதலில் பார்த்தது இதைத்தான். ஃபில்டர் போட்டாலும் பயனில்லை; அது வேகமான இரைச்சலை வெட்டும், நடுக்கத்தின் அலையோ இதயத்தின் சொந்த அலைகளோடு கலந்து நிற்கிறது.

நாடி பிடித்துப் பார்ப்பது? ஆபத்தான வேகத் துடிப்பு என்று மெஷின் சொல்லும்போது நாடி நிதானமாக இருந்தால் அது பெரிய சாட்சி. ஆனால் ஃப்ளட்டரிலும் நாடி 75 என்று சீராக ஓடலாம். அதனால் தனியாக இதை நம்ப மாட்டேன்.

ஸ்மார்ட் வாட்ச் அப்பாவுக்குச் சுத்தமாக ஒத்துவராது. 30 நொடி, லீட் 1 மட்டும், இரண்டு கையும் வேண்டும்.

ஹோல்டர் என்பது உடம்பில் மாட்டிக்கொண்டே நடமாடும் சின்ன ஈசிஜி கருவி; அதன் ஸ்டிக்கர்கள் 24 மணி நேரம் மார்பிலேயே ஒட்டியிருக்கும். விட்டுவிட்டு வரும் படபடப்புக்கு அதுதான் சரி. அப்புறம், பல் தேய்க்கும் நேரத்தைக் குறித்து வைக்க வேண்டும். அந்த அசைவும் வேகத் துடிப்பு போலப் பதிவாகும். சென்னை வெயிலில் வியர்த்து ஸ்டிக்கர் கழன்றுகொள்வது தனித் தொல்லை.

என் ஓட்டு கை, கால் கிளிப்புகளுக்குப் பதில் தோளிலும் அடிவயிற்றிலும் ஸ்டிக்கர் ஒட்டி எடுப்பதற்குத்தான். அதே மெஷின், ஐந்து நிமிடம். ஒரே ஒரு குறை: அலைகளின் உருவம் கொஞ்சம் மாறும், பழைய மாரடைப்பின் தடயம்கூட மறையலாம். எனவே இடம் மாற்றி ஒட்டியதைத் தாளில் எழுதியே ஆக வேண்டும். இதயத் துடிப்பின் தாளம் பார்க்க இது போதும். மயக்கம், நெஞ்சுவலி இருந்தால் நடுக்கம்தான் என்று நாமே முடிவு கட்டக் கூடாது.

மறுபடி எடுத்தபோது போர்வை கொடுத்து, "ஐயா, கையைத் தொடைக்கு அடியில வச்சுக்கோங்க" என்றார் டெக்னீசியன். தாளம் சீராக வந்தது. டாக்டர் இரண்டு தாளையும் சேர்த்துப் பின் அடித்தார். ஃபைல் அட்டையில் நான் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்: 'வலது கை நடுக்கம். ஈசிஜிக்குத் தோளில் ஒட்டவும்.'