40 யார்டு ஓட்டத்துக்கு எந்த டைமர் வாங்கலாம்?

அமெரிக்கப் பள்ளி ஃபுட்பாலில் ரிசீவராகவோ (பந்தைப் பிடிப்பவர்) கார்னர்பேக்காகவோ (அவரைத் தடுப்பவர்) ஆடும் பையனிடம் முதலில் கேட்கப்படுவது "உன் ஃபார்ட்டி எவ்வளவு?" என்பதுதான், அதாவது 40 யார்டை எத்தனை நொடியில் ஓடுவாய் என்று. கல்லூரிகளின் ரெக்ரூட்டிங் படிவத்தில் உயரம், எடை, ஜிபிஏ (படிப்பு மதிப்பெண் சராசரி) இவற்றோடு அதற்கும் ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தை நிரப்ப ஸ்டாப்வாட்ச், போன் ஆப், ஒளிக்கதிர் வெட்டுப்படுவதைப் பதியும் ஃபோட்டோசெல் கேட், இடுப்பில் மாட்டும் சிப், ஜிபிஎஸ் உள்ளாடை என்று பலதும் விற்கிறார்கள். பணம் போடுவதென்றால் எங்கள் தேர்வு ஃப்ரீலேப் என்ற இடுப்புச் சிப். ஆனால் அதில் வரும் நேரத்தைக் கல்லூரி கோச்சுக்கு அனுப்புவதில் பயனில்லை. அவர் நம்புவது வேறு ஒரு கடிகாரத்தை. அது உங்கள் காசில் வாங்கக்கூடியதே அல்ல.

ஸ்டாப்வாட்ச்சைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பையன் அசைந்ததைக் கண்டபிறகுதான் கட்டைவிரல் அழுத்தும், ஆகவே தொடக்கத்தில் சுமார் 0.2 நொடி கணக்கில் வராமல் போகிறது. முடிவுக் கோட்டிலோ அவன் வருவது முன்கூட்டியே தெரிவதால் விரல் சரியாகவோ சற்று முந்தியோ அழுத்திவிடும். இரண்டும் ஒரே திசையில் தவறுகின்றன: நேரம் எப்போதும் குறைவாகவே வரும். ட்ராக் உலகில் கையால் எடுத்த 100 மீட்டர் நேரத்தோடு 0.24 நொடியைக் கூட்டிக்கொள்வது இதனால்தான். பள்ளி வட்டாரத்தில் சர்வசாதாரணமாகப் புழங்கும் "4.4" எல்லாம் பெரும்பாலும் எலக்ட்ரானிக் கணக்கில் 4.6, 4.7 ஆகிவிடும்.

என்எஃப்எல் கம்பைனில், அதாவது தொழில்முறை லீக் புது வீரர்களைச் சோதிக்கும் முகாமில், வரும் நேரமும் முழு எலக்ட்ரானிக் அல்ல என்பது பலருக்குத் தெரிவதில்லை. அங்கே வீரரின் முதல் அசைவைப் பார்த்து ஒரு மனிதர்தான் கடிகாரத்தைத் தொடங்குகிறார். முடிவை மட்டும் ஒளிக்கதிர் பிடிக்கிறது. 2024-இல் சேவியர் வொர்த்தி ஓடிய 4.21 சாதனையும், அதற்கு முன் 2017-இல் ஜான் ராஸ் வைத்திருந்த 4.22-உம் அப்படி வந்தவையே. வீட்டில் டச் பேட் (கை எழும்பியதும் கடிகாரத்தைத் தொடங்கும் பலகை) வைத்து எடுத்த 4.70-ஐ டிவியில் பார்த்த 4.50-உடன் ஒப்பிட்டு மனம் உடைய வேண்டாம். இரண்டும் ஒரே அளவுகோல் இல்லை.

இனி ஃப்ரீலேப். ஸ்விட்சர்லாந்து நிறுவனத்தின் தயாரிப்பு. தரையில் கூம்பு அருகே வைக்கும் சிறு டிரான்ஸ்மிட்டர்கள் காந்தப்புலம் உண்டாக்கும். ஓடுபவரின் இடுப்புப் பட்டையில் இருக்கும் சிப் அதைக் கடக்கும்போது நேரத்தைக் குறித்துக்கொண்டு புளூடூத் வழியாகப் போனுக்கு அனுப்பும். நிறுவனம் சொல்லும் துல்லியம் 0.02 நொடி. ஒளிக்கதிர் இல்லாததால் கை குறுக்கே போய்த் தவறாகப் பதியும் தொல்லை இல்லை. முக்காலியை நேர்க்கோட்டில் நிறுத்தும் வேலையும் இல்லை. சிப்புகள் போதுமான அளவு இருந்தால் பத்துப் பேர் வரிசையாக ஓடினாலும் ஒவ்வொருவர் நேரமும் தனித்தனியே விழும். ஒரு அணிக்கு வாங்கும்போது இதுதான் பெரிய வசதி.

குறைகளும் இருக்கின்றன. சிப் எப்போதும் இடுப்பின் முன்பக்கம், நடுவில், ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். பட்டை தளர்ந்து சிப் பக்கவாட்டுக்கு நகர்ந்துவிட்டால் அந்த ஓட்டத்தை முந்தையதோடு ஒப்பிட முடியாது. டிரான்ஸ்மிட்டரில் தொடக்கம், இடைநேரம், முடிவு என்று மாற்றிவைக்கும் அமைப்பு உண்டு. அதைத் தவறாக வைத்தால் பையன் உயிரைக் கொடுத்து ஓடி முடித்தபின் போனில் ஒன்றுமே இருக்காது. முதல் ஓட்டத்துக்கு முன்பு ஒருவரை மெதுவாக நடக்கவிட்டு எல்லாம் பதிகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

40 யார்டு எடுக்க அதன் டச் பேட் தேவைப்படும். த்ரீ-பாயின்ட் ஸ்டான்ஸில், அதாவது குனிந்து இரண்டு காலும் ஒரு கையும் தரையில் இருக்கும் நிலையில், கையைப் பேடில் ஊன்றி, கை எழும்பும் கணத்தில் கடிகாரம் ஓடத் தொடங்கும். ஏமாற்று வேலை நுழையும் இடமும் இதுதான். கையை ஊன்றியபடியே இடுப்பை முன்னே தள்ளி, உடல் நகர ஆரம்பித்தபின் விரலை எடுக்கப் பையன்கள் தாமாகவே கற்றுக்கொள்வார்கள். நேரம் குறையும், வேகம் கூடியிருக்காது. ஊன்றியபின் ஒரு முழு நொடி அசையாமல் நிற்க வேண்டும், ஆடினால் அந்த ஓட்டம் செல்லாது என்று விதி வைத்துவிடுங்கள்.

ப்ரோவர், டாஷர் போன்ற ஃபோட்டோசெல் கேட்களின் குணம் வேறு. ஒற்றைக் கதிர் உள்ள கேட்டில் எந்த உறுப்பு முதலில் கதிரை வெட்டுகிறதோ அதுதான் கணக்கு. முன்னே வீசிய கையோ உயர்ந்த முழங்காலோ உடலுக்கு முன்பே வெட்டிவிடும். முடிவுக் கேட்டை இடுப்பு உயரத்தில் வையுங்கள். எல்லா நாளும் அதே உயரம் இருக்கட்டும், முக்காலியில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளலாம். இரட்டைக் கதிர் கேட்டில் இரண்டும் ஒன்றாக வெட்டுப்பட்டால்தான் பதியும் என்பதால் இந்தத் தொல்லை குறைவு, விலை அதிகம். தொடக்கக் கேட்டுக்கு அரை மீட்டர் பின்னால் நின்று ஓடத் தொடங்கினால் கதிரை வெட்டும்போதே உடல் வேகத்தில் இருக்கும், நேரம் அழகாகத் தெரியும். எந்தத் தொடக்கம் என்று எழுதிவைக்காத நேரத்தை அடுத்த மாதம் எதோடும் ஒப்பிட முடியாது.

எந்தச் சாதனமானாலும் முதல் பிழை தூரத்தில்தான். 40 யார்டு என்பது 36.58 மீட்டர். காலடியால் அளந்து ஒரு யார்டு குறைந்துவிட்டால், முழு வேகத்தில் வரும் பையனுக்குச் சுமார் 0.1 நொடி இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. இருநூறு டாலர் சாதனமோ ஆயிரம் டாலர் சாதனமோ, அதன் துல்லியம் அத்தனையும் அங்கேயே வீண். ஃபுட்பால் மைதானத்தில் 5 யார்டுக்கு ஒரு கோடு ஏற்கெனவே போட்டிருக்கிறார்கள். அதிலேயே ஓடவிடுங்கள். பார்க்கில் என்றால் நீட்டி அளக்கும் டேப் அவசியம், சரிவு இல்லாத தரையும் அவசியம்.

வாங்கிய சாதனத்தை 40-க்கு மட்டும் பயன்படுத்துவது பாதி வீண். உண்மையில் உதவுவது இரண்டு எண்கள்: நின்ற நிலையிலிருந்து முதல் 10 யார்டு, அப்புறம் 20 யார்டு ஓடி வேகம் பிடித்தபின் வரும் அடுத்த 10 யார்டு. இரண்டாவதைப் பறக்கும் பத்து என்பார்கள். கணக்கு சுலபம்: 10 யார்டை 1.00 நொடியில் கடந்தால் மணிக்கு 20.45 மைல், 0.90-இல் கடந்தால் 22.7 மைல். முதல் பத்து நன்றாக இருந்து பறக்கும் பத்து மந்தமாக இருந்தால் உச்ச வேகப் பயிற்சி தேவை. தலைகீழாக இருந்தால் தொடக்கமும் கால்வலுவும். 40 யார்டு மொத்த நேரம் இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்து மறைத்துவிடும். இங்கே 0.02 நொடிப் பிழைகூட மணிக்கு 0.4 மைல் என்பதால் ஒரே ஓட்டத்தை வைத்து முடிவு கட்டாமல் மூன்று ஓட்டங்களின் நடுநேரத்தை எடுங்கள். இடையே நான்கைந்து நிமிடம் முழு ஓய்வு வேண்டும். ஓய்வில்லாமல் ஆறு முறை ஓடினால் கிடைப்பது களைப்பின் அளவு, சிலசமயம் தொடைத்தசைப் பிடிப்பு.

காசு செலவழிக்க மனமில்லாதவர்களுக்கு, பறக்கும் பத்தை அளக்க மட்டும், போனே போதும். சாதாரண வீடியோவில் நொடிக்கு 30 பிரேம், அதாவது ஒரு பிரேமுக்கு 0.033 நொடி. அது போதாது. ஸ்லோமோஷனில் 240 பிரேம் என்றால் ஒரு பிரேம் 0.004 நொடிதான். தவறு நடப்பது கோணத்தில். போன் ஓட்டப்பாதையிலிருந்து 15 யார்டு தள்ளி நடுவில் இருக்கிறது, கம்புகள் பாதைக்கு ஒரு யார்டு முன்னால், போன் பக்கம் நடப்பட்டிருக்கின்றன என்று வையுங்கள். கம்புகளுக்கு இடையே 10 யார்டு விட்டால், போனின் பார்வையில் பையன் கடப்பது சுமார் 10.7 யார்டு. நேரம் 7 சதவீதம் கூடிவிடும். ஒவ்வொரு கம்பையும் ஓர் அடி உள்ளே நகர்த்தினால் சரியாகிவிடும். எடிட் செய்து அனுப்பிய கோப்பில் பிரேம் எண்ணாதீர்கள், மூலக் கோப்பிலேயே எண்ணுங்கள்.

ஜிபிஎஸ் உள்ளாடைகள் உச்ச வேகத்துக்கு நன்று, முதல் 10 யார்டுக்கு நம்ப வேண்டாம். வேகம் திடீரென மாறும் குறுகிய தூரத்தில் ஜிபிஎஸ் தடுமாறும். உயரமான கேலரிக்கு அருகே எண் தாவும். வரைபடத்தில் ஒரே புள்ளி மட்டும் ஊசிபோல் உயர்ந்திருந்தால் அதைத் தள்ளிவிடுங்கள். டைரீக் ஹில் 2016-இல் என்எஃப்எல் ஆட்டத்தில் எட்டிய வேகம் மணிக்கு 23.24 மைல். பத்தாம் வகுப்புப் பையனின் உள்ளாடை 24 காட்டினால் கோளாறு சாதனத்தில்.

இவ்வளவையும் வாங்கிக் கோச்சுக்கு அனுப்பினால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பது அவருக்கும் தெரியும். அப்பா எடுத்த நேரத்தையும் காசு வாங்கி நடத்தும் தனியார் கம்பைனில் எடுத்த நேரத்தையும் அவர் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் வைப்பார். அவர் பார்ப்பது மைல்ஸ்ப்ளிட், அத்லெட்டிக் டாட் நெட் தளங்களில் பையன் பெயருக்கு நேரே இருக்கும் 100 மீட்டர் நேரம். துப்பாக்கிச் சத்தத்தில் தொடங்கி, கேமராவில் முடியும் ஓட்டம். கையை ஊன்றி ஆடும் தந்திரத்துக்கு இடமில்லை. வசந்த காலத்தில் பள்ளி ட்ராக் அணியில் சேர்ந்தால் இந்தச் சான்று ஏறக்குறைய இலவசம். முடிவுப் பட்டியலைப் படிக்கவும் தெரிய வேண்டும்: இரண்டு தசமம் இருந்தால் எலக்ட்ரானிக், ஒரே தசமமோ பக்கத்தில் 'எச்' எழுத்தோ இருந்தால் கையால் எடுத்தது. பின்னிருந்து வீசிய காற்று நொடிக்கு 2.0 மீட்டரைத் தாண்டியிருந்தால் நேரத்தில் கொஞ்சம் காற்றின் பங்கு. ரிசீவர், கார்னர் இடங்களுக்குப் பெரிய கல்லூரிகளின் கண்ணில் பட 11 நொடிக்குள் ஓடுவது நல்ல தொடக்கம்.

தொடக்கம் மட்டுமே. ஜான் ராஸ் 4.22 ஓடி 2017 என்எஃப்எல் டிராஃப்டில், அதாவது அணிகள் புது வீரர்களை முறைவைத்து எடுப்பதில், ஒன்பதாவது ஆளாகத் தேர்வானார். காயத்தோடு போன முதல் சீசனில் ஒரு கேட்ச்கூட இல்லை. ஆன்க்வான் போல்டின் 2003 கம்பைனில் 4.7-ஐத் தாண்டி இரண்டாம் சுற்றுக்குத் தள்ளப்பட்டு, அந்த ஆண்டே 101 கேட்ச், 1,377 யார்டு எடுத்தார். வேகம் கதவைத் திறக்கும் இடங்களும் உண்டு, பொருட்டே இல்லாத இடங்களும் உண்டு. முன்வரிசையில் எதிராளியைத் தடுத்து நிற்கும் அஃபென்சிவ் லைன்மேனுக்கு 40 யார்டு நேராக ஓடும் வேலை ஆட்டத்தில் அநேகமாக வருவதே இல்லை. அவனுக்கு முதல் 10 யார்டு நேரமும் ஷாட்புட் தூரமும் போதும். டைமருக்கு வைத்த பணத்தில் அவனுக்கு நல்ல கிளீட்ஸ் (ஆட்டக் காலணி) வாங்கிக்கொடுக்கலாம்.

மற்ற இடங்களில் ஆடுபவர்கள் ஹடல் தளத்தில் போடும் ஆட்ட வீடியோவின் முதல் மூன்று ஆட்டத்துணுக்குகளில் வேகம் தெரியும்படி அடுக்கினால் போதும். மைதானத்தில் 5 யார்டுக் கோடுகள் இருப்பதால் கோச் நினைத்தால் தானே பிரேம் எண்ணிக்கொள்வார்: 60 பிரேம் வீடியோவில் 20 யார்டை 120 பிரேமில் கடந்தால் அதே 20.45 மைல். ஹெல்மெட், பேட் எல்லாம் போட்டு, எதிராளி துரத்தும்போது வந்த வேகம் அது.

ஜூன் மாதக் கல்லூரி முகாம்களில் அவர்களே 40 எடுப்பார்கள். அந்த ஒரு இடத்தில் மட்டும் ஸ்டாப்வாட்ச் நேரத்துக்கும் மதிப்புண்டு, ஏனெனில் கடிகாரம் பிடிப்பவரே ஆளை எடுப்பவர். ஆனால் முகாம் அழைப்பு மின்னஞ்சலை ஆஃபர் (அணியில் சேர அழைப்பு) என்று எண்ணிவிடாதீர்கள். கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏவின் விதிப்படி கல்லூரி முகாம் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். எண்ணிக்கை, வயது, வகுப்பு, பால் இவற்றால் மட்டுமே கட்டுப்படுத்தலாம். மொத்தமாக ஆயிரம் பேருக்குப் போகும் மின்னஞ்சல் அது. பையன் ஆடும் இடத்துக்கான கோச் போனில் பேசி, பையனின் 100 மீட்டர் நேரத்தைத் தானே சொல்லி வரச்சொன்னால் பணம் கட்டுங்கள்.