‘அசல் 1950கள்’ பார் டிராலி வாங்கும் முன் அதைக் கவிழ்த்துப் பாருங்கள்

விளம்பரம் நான்கு விஷயங்களை உறுதியாகச் சொன்னது: முழுப் பித்தளை, அசல் கண்ணாடி, அசல் சக்கரங்கள், இத்தாலியில் 1950களில் செய்தது. வந்து இறங்கியது புட்டிகளும் கோப்பைகளும் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிற, இரண்டு தட்டு வைத்த அழகான பார் டிராலி. மூன்றாவது வாரம் கைப்பிடி வளைவில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல் விட்டது. சில நாளில் எதிர்ப்பக்க வளைவிலும் ஒன்று. பழுதுபார்க்க வந்த டிராலியை முழுக்கப் பிரித்துப் பார்த்தபோது, நான்கில் ஒன்றே ஒன்றுதான் உண்மை என்று தெரிந்தது. பித்தளை நிஜமான பித்தளைதான். விற்றவர் அதையும் கெடுத்துத்தான் விற்றிருக்கிறார்.

வாங்கியவருக்குப் பணம் திரும்பி வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைக் கீழே சொல்கிறோம். அதற்கு முன், இதே வேலை எந்த டிராலியில் செய்யப்பட்டாலும் எங்கே பிடிபடும் என்பதைப் பகுதி பகுதியாகப் பார்த்துவிடலாம்.

முதலில் அந்த விரிசல். பழைய பித்தளைக்கு ஒரு நிறம் உண்டு: கை படும் இடம் வெளுத்து மஞ்சளாக மின்னும், துணி எட்டாத மூட்டு இடுக்குகள் பழுப்பேறிக் கறுத்துக் கிடக்கும். இந்த நிறம் வர வருடக்கணக்காகும். அவசரக்காரர்கள் அம்மோனியாவைப் பயன்படுத்துகிறார்கள். டிராலியின் குழாய்ச் சட்டத்தை ஒரு மூடிய பெட்டியில் வைத்து, அடியில் அம்மோனியா ஊற்றிய கிண்ணத்தை வைத்து அதன் ஆவியால் புகை போட்டால் ஓரிரவில் ‘வயது’ வந்துவிடும். ஆனால் டிராலியின் சட்டம் குளிர்நிலையில் இழுத்து வளைத்த குழாய். வளைவுகளில் இறுக்கம் உள்ளேயே தங்கியிருக்கும். அப்படி இறுக்கம் தங்கிய பித்தளையில் அம்மோனியாவும் ஈரமும் சேர்ந்து பட்டால், உலோகத் துகள்களின் எல்லை வழியே விரிசல் ஓடும். உலோகவியலில் இது பழைய பாடம். ஆங்கிலேயர் காலத்து இந்தியாவில் குதிரை லாயங்களில் வைத்திருந்த துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளை உறைகள் மழைக்காலத்தில் தாமாக விரிசல் விட்டன. லாயத்துக் காற்றில் இருந்த அம்மோனியாதான் காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். சுமார் 250 முதல் 300 டிகிரி செல்சியஸில் மெதுவாகச் சூடாக்கி இறுக்கத்தைத் தளர்த்தினால் இந்த ஆபத்து போய்விடும். ஆனால் புகை போடுகிறவர்கள் அதற்கெல்லாம் மெனக்கெடுவதில்லை. அதனால் விற்கும் நாளில் முழுசாக இருக்கும் சட்டம், வாங்கியவர் வீட்டில் உடைகிறது.

புகை போட்ட பித்தளையைக் கண்டுபிடிக்க ஒரு திருகைக் கழற்றினால் போதும். இயல்பாகப் பழுத்த சட்டத்தில் திருகுத் தலைக்கு அடியில் வட்டமாக வேறொரு நிறம் இருக்கும், காற்றும் கையும் படாத இடம் அது. கண்ணாடியைத் தூக்கினால் அது உட்கார்ந்திருந்த விளிம்பிலும் அப்படியொரு பட்டை தெரியும். பிரித்துப் போட்டுப் புகையிட்டு மறுபடி பூட்டியதில் அந்த வட்டமும் பட்டையும் இருக்காது, எல்லா இடமும் ஒரே பழுப்பாக இருக்கும். கைப்பிடி கூட இடுக்கைப் போலவே கறுத்திருந்தால் வாங்காதீர்கள். அறுபது எழுபது வருடம் தள்ளிய டிராலியில் கைப்பிடிதான் முதலில் வெளுக்க வேண்டும். வளைவுகளின் உட்புறத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். இந்த டிராலியில் ஒரு பழைய விரிசலை ஈயப்பற்று வைத்து அடைத்து, மேலே நிறம் பூசியிருந்தார்கள். நகத்தால் சுரண்டியதும் வெள்ளிநிறம் எட்டிப் பார்த்தது.

‘முழுப் பித்தளை’ என்ற சொல்லுக்குப் பலரும் காந்தத்தோடு கிளம்புகிறார்கள். காந்தம் ஒட்டினால் அடியில் இரும்பு, அதில் சந்தேகமில்லை. ஒட்டவில்லை என்றால் பித்தளை என்று முடிவுகட்டாதீர்கள். துத்தநாக வார்ப்பிலும் அலுமினியத்திலும் காந்தம் ஒட்டாது, இரண்டின் மேலும் பித்தளை முலாம் பூசலாம். அந்தக் காலத்திலேயே முலாம் பூசிய இரும்பில் நல்ல டிராலிகள் செய்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முலாம் குற்றமில்லை, முலாமை முழுப் பித்தளை என்று விற்பதுதான் குற்றம்.

தொலைவிலிருந்து வாங்குகிறவர்கள் எடையைக் கேளுங்கள். விற்பவர் வீட்டு எடைக்கருவியில் நிறுத்திப் படம் அனுப்பட்டும். கணக்கு எளிது. 25 மி.மீ. விட்டமும் 1.5 மி.மீ. தடிப்பும் உள்ள பித்தளைக் குழாய் மீட்டருக்கு ஏறக்குறைய 940 கிராம். அதே விட்டத்தில் 1 மி.மீ. தடிப்புள்ள இரும்புக் குழாய் மீட்டருக்கு 590 கிராம். 6 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 15 கிலோ. ஏழு மீட்டர் குழாயும், 70க்கு 40 செ.மீ. கண்ணாடி இரண்டும் உள்ள டிராலி பித்தளையானால் சக்கரம் நீங்கலாக 15 கிலோவை ஒட்டி வரும், இரும்பானால் 12.5 கிலோவை ஒட்டி வரும். குழாயின் தடிப்பு தெரியாதபோது இது உறுதியான சான்று ஆகாது. ஆனால் ஒன்பது கிலோ என்று பதில் வந்தால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

அடுத்தது கண்ணாடி. உருகிய தகரத்தின் மேல் மிதக்கவிட்டுக் கண்ணாடி செய்யும் முறையை பில்கிங்டன் நிறுவனம் 1959இல் அறிவித்தது. அதற்கு முந்தைய தட்டையான கண்ணாடி, தகடாக இழுத்துச் செய்ததாகவோ இரு பக்கமும் தேய்த்து மெருகேற்றியதாகவோ இருக்கும். மிதவைக் கண்ணாடியின் ஒரு பக்கத்தில் தகரத்தின் சாயல் தங்கியிருக்கும். 254 நானோமீட்டர் குறுகிய அலை புற ஊதா விளக்கை இருட்டில் சாய்த்துப் பிடித்தால் அந்தப் பக்கம் மட்டும் பால் கலந்தாற்போல் ஒளிரும். சாதாரண யுவி டார்ச் இதற்கு உதவாது. குறுகிய அலை கண்ணைப் பாதிக்கும், பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் செய்யாதீர்கள். இந்த டிராலியின் இரண்டு தட்டுகளும் ஒளிர்ந்தன. அதோடு மூலையில் டஃபன்டு (சூடேற்றி உறுதியாக்கிய) கண்ணாடி முத்திரையின் மிச்சமும் இருந்தது, தேய்த்து அழிக்கப் பார்த்திருக்கிறார்கள்.

கண்ணாடி மாற்றியதற்காக டிராலியைத் தள்ளிவிட வேண்டியதில்லை. பழைய கண்ணாடி உடைந்தால் கத்தி போன்ற நீளத் துண்டுகளாகச் சிதறும், டஃபன்டு பொடிப்பொடியாக உதிரும். குழந்தைகள் உள்ள வீட்டுக்குப் புதியதே மேல். ‘மாற்றியது’ என்று சொல்லி விற்றிருந்தால் இங்கே புகாரே இல்லை. விளக்கு இல்லாதவர்கள் கண்ணாடியைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். புட்டிகளும் கோப்பைகளும் இழுபட்ட தட்டில் எல்லாத் திசையிலும் மெல்லிய கீறல்கள் இருக்கும், நடுவில் அதிகம், ஓரத்தில் குறைவு. ஒரே திசையில் கோடு கோடாக ஓடினால் அது உப்புத்தாளின் வேலை.

சக்கரமும் திருகும்தான் காலத்தைக் காட்டிக்கொடுப்பவை. அசல் ரப்பர் இத்தனை வருடத்தில் இறுகி வெடிப்புக் கண்டிருக்கும், நின்ற இடத்தில் தட்டையாகியிருக்கும். வழவழவென்று ஒளி ஊடுருவும் பாலியூரித்தேன் பிளாஸ்டிக் சக்கரம் வைத்துவிட்டு அசல் என்றால் நம்பாதீர்கள். சுழலும் சக்கரமான காஸ்டரின் தண்டு நுழையும் ஓட்டையைப் பாருங்கள். பெரிதாக்கிய தடமோ, உள்ளே திணித்த பிளாஸ்டிக் உறையோ இருந்தால் வேறு அளவுச் சக்கரத்தைப் பொருத்தியிருக்கிறார்கள்.

திருகுத் தலையில் கூட்டல் குறி இருப்பதைப் பார்த்ததும் ‘புதுசு’ என்று சொல்லிவிடுகிறார்கள் சிலர். அது தவறு. ஃபிலிப்ஸ் தலை 1930களிலேயே வந்துவிட்டது. கூட்டல் குறிக்கு நடுவே சாய்வாக இன்னும் நான்கு மெல்லிய கோடுகள் இருந்தால் அது போசிடிரைவ், 1960களில் வந்தது. நட்சத்திரக் குழி போட்ட டோர்க்ஸ் அதற்கும் பிந்தியது. 1955 என்று சொல்லும் டிராலியில் ஒன்றிரண்டு போசிடிரைவ் இருந்தால் யாரோ பழுதுபார்த்ததாக இருக்கலாம். எல்லாத் திருகும் அப்படியென்றால், ஓட்டையில் பழைய மரையின் தடமும் இல்லையென்றால், சட்டமே அதற்குப் பிறகு செய்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். மரையையும் அளந்து பாருங்கள். பழைய அமெரிக்கத் தயாரிப்பில் அங்குல மரை இருக்க வேண்டும்: கால் அங்குலத் திருகின் விட்டம் 6.35 மி.மீ., மரை இடைவெளி 1.27 மி.மீ. மெட்ரிக் எம்6 என்றால் 6 மி.மீ., இடைவெளி 1 மி.மீ. வெர்னியர் அளவுகோலும் ஒரு மரை அளவியும் இருந்தால் இரண்டு நிமிட வேலை.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் விற்பவரிடம் ஒரு காரணம் இருக்கும். கண்ணாடி உடைந்தது, சக்கரம் தேய்ந்தது, திருகு துருப்பிடித்தது. தனித்தனியாகக் கேட்டால் எல்லாமே நியாயம்தான். கண்ணாடி, சக்கரம், திருகு, மேற்பூச்சு நான்குமே மாறிவிட்டால், அந்தப் பொருளுக்கு 1950கள் என்று பெயர் சொல்ல ஒரு சான்றும் மிஞ்சவில்லை என்பதுதான் விஷயம். இந்த டிராலியில் மிஞ்சியது ஒரு காகித லேபிள். பத்து மடங்கு லென்ஸில் எழுத்தின் ஓரமெல்லாம் புள்ளி புள்ளியாகச் சிதறியிருந்தது, இன்க்ஜெட் அச்சு.

மர டிராலி வாங்குகிறவர்களுக்கு வேறு கவலைகள். அல்வார் ஆல்டோ 1936இல் வடிவமைத்த 901 டீ டிராலியை ஆர்டெக் நிறுவனம் இன்னும் தயாரிக்கிறது. நேற்று வாங்கியதும் அசல் ஆல்டோதான், ஆனால் விண்டேஜ் அல்ல. பிர்ச் மரம் வெளிச்சம் பட்டு வருடக்கணக்கில் தேன்நிறமாகும். மரத்தின் அடிப்பக்கமும் மேல்பக்கமும் ஒரே தேன்நிறமாக இருந்தால் சாயம் பூசியிருக்கிறார்கள். டேனிஷ் தேக்கு டிராலிகளில், மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடான வெனீரின் விளிம்பைப் பாருங்கள். அளவுக்கு மீறித் தேய்த்ததில் வெனீர் போய், அடிப்பலகை தெரிந்த இடத்தை வண்ணம் பூசி மறைத்திருப்பார்கள். அங்கே மரத்தின் ரேகை சட்டென்று நின்றுபோயிருக்கும்.

பிரேசிலிய ரோஸ்வுட் என்று எழுதியிருந்தால் நாடு கடந்து வாங்கும் முன் காகிதத்தைக் கேளுங்கள். அந்த மரம் 1992 முதல், அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. ஒப்பந்தத்துக்கு முந்தைய பொருள் என்ற சான்றிதழ் இல்லாமல் எல்லை தாண்டினால் சுங்கத்தில் பறிமுதல் ஆகலாம். ‘அதெல்லாம் யாரும் பார்ப்பதில்லை’ என்கிற விற்பனையாளர் உங்கள் பணத்தைப் பணயம் வைக்கிறார்.

விளம்பரத்தின் மொழியையும் கூர்ந்து படியுங்கள். ஒரு வடிவமைப்பாளரின் பெயருக்குப் பின்னால் ‘பாணியில்’, ‘சாயலில்’, ‘செய்ததாகக் கருதப்படும்’ என்று ஒட்டிக்கொண்டிருந்தால், அது அவர் செய்ததல்ல என்று விற்பவரே எழுத்தில் ஒப்புக்கொள்கிறார். செசாரே லாக்கா, மத்தியூ மத்தேகோ போன்ற பெயர்கள் இப்படித்தான் கண்டபடி ஒட்டப்படுகின்றன. பெயருக்காகக் கூடுதல் பணம் கேட்டால், ரசீதில் ஒட்டுச்சொல் இல்லாமல் அந்தப் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் பேரம் அந்த இடத்தில் நின்றுவிடும்.

முன்பணம் அனுப்பும் முன் ஆறு படங்கள் கேளுங்கள்: டிராலியைக் கவிழ்த்து முழு அடிப்பக்கம், ஒரு சக்கரத்தைக் கழற்றிய ஓட்டை, ஒரு திருகின் தலையும் அது இருந்த இடமும், கண்ணாடியைத் தூக்கிய விளிம்பு, கைப்பிடி வளைவின் உட்புறம் கிட்டத்தில், லேபிள் இருந்தால் அது. பகல் வெளிச்சத்தில், ஃபில்டர் இல்லாமல். வேறொரு படத்தை அனுப்பி ஏமாற்றாதிருக்க, அன்றைய தேதி எழுதிய தாளைப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

இப்போது அந்தப் பணத்தின் கதை. விற்றவர் சொன்ன காரணங்கள் மூன்று. விளம்பரத்தில் ‘இத்தாலியப் பாணி’ என்றுதான் இருந்தது என்றார். விற்றபின் அதை மாற்றியிருந்தார், வாங்கியவரிடம் பழைய விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட் இல்லை. விரிசல் லாரியில் வரும்போது விழுந்திருக்கும் என்றார். பொட்டலத்தைப் பிரித்த வீடியோவும் இல்லை, அட்டைப்பெட்டியும் குப்பைக்குப் போய்விட்டது. மூன்றாவதாக, வாங்கியவர் வந்த வாரமே பித்தளையைப் பாலிஷ் போட்டிருந்தார். பொருளின் நிலையை நீங்களே மாற்றிவிட்டீர்கள் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். புகை போட்டதற்கான சான்றும் அந்தப் பாலிஷோடு பெரும்பகுதி போய்விட்டது. திருகுத் தலைகளுக்கு அடியில் மட்டும் மிச்சம் இருந்தது.

ஆகவே பணம் கட்டுவதற்கு முந்தைய நிமிடம் விளம்பரத்தை முழுப்பக்கமாகச் சேமியுங்கள், படங்களையும் தேதியையும் சேர்த்து. பேச்சு தொலைபேசியில் நடந்தால், பேசியதைச் சுருக்கி எழுதி அனுப்பி ‘சரிதானே’ என்று கேட்டுப் பதில் வாங்குங்கள். பொட்டலத்தைப் பிரிப்பதை வெட்டில்லாமல் படமெடுங்கள். திருப்பித் தரும் கெடு முடியும்வரை துடைக்கவும் வேண்டாம், மெருகேற்றவும் வேண்டாம், பெட்டியை எறியவும் வேண்டாம்.

விரிசல் விட்ட சட்டம் வீட்டில் இருந்தால் இன்றே கண்ணாடியை இறக்கிவிடுங்கள். அந்த விரிசல் பாரத்தில் சத்தமின்றி நீளும். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஈயம் வைத்தோ பசை வைத்தோ அடைப்பது நிற்காது. விரிசலின் இரு முனைக்கும் அப்பால் வெட்டி, உள்ளே பித்தளை உறை செருகி, ஈயப்பற்றைவிட அதிகச் சூட்டில் பற்றவைக்கும் பிரேசிங் செய்ய வேண்டும். அதற்கு முன் மற்ற வளைவுகளின் இறுக்கத்தையும் சூட்டால் தளர்த்தச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வளைவிலும் விரிசல் விடும்.