சிஸிஜி இறுதிநிலை அட்டவணைகள்: கிளிநொச்சியிலிருந்து ஒரு நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் பழக்குபவன் என்ற வகையில், ஸ்டொக்பிஷ் என்ற சதுரங்கம் ஆடும் கணினி நிரலை (எஞ்சினை), சில காய்களே மிஞ்சிய நிலைகளின் முடிவை முன்கூட்டியே கணித்து வைத்திருக்கும் சிஸிஜி அட்டவணைகளுடன் இணைத்துச் சில வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். ரொனால்ட் டி மான் 2013 இல் வெளியிட்ட இவ்வட்டவணைகளில், இரு ராஜாக்களையும் சேர்த்து ஐந்து காய்கள் வரையான நிலைகள் ஏறத்தாழ 1 ஜிபிக்குள் அடங்கிவிடுகின்றன. ஆறு காய்களுக்குச் சுமார் 150 ஜிபியும், 2018 இல் நிறைவெய்திய ஏழு காய்த் தொகுதிக்கு 16 டெராபைட்டுக்கு மேலும் தேவை. கைத்தொலைபேசி டேட்டாவை நம்பியிருக்கும் எங்கள் பக்கத்தில் ஐந்து காய்த் தொகுதியை மட்டுமே நானாக இறக்க முடிந்தது. ஆறு காய்த் தொகுதி வவுனியா நண்பர் ஒருவரின் ஹார்ட் டிஸ்க்கில் வந்து சேர்ந்தது.

ஒவ்வொரு காய்ச் சேர்க்கைக்கும் இரண்டு கோப்புகள் உள்ளன. வெற்றியா, சமநிலையா, தோல்வியா என்பதை மட்டும் சொல்லும் முதற்கோப்பை, எஞ்சின் தன் தேடலின் ஆழத்தில், வெட்டோ காலாள் நகர்வோ நிகழ்ந்து காய்த்தொகை அட்டவணை எல்லைக்குள் வந்தவுடன் திரும்பத் திரும்பத் திறந்து பார்க்கிறது. அடுத்த வெட்டு அல்லது காலாள் நகர்வு எவ்வளவு தூரத்தில் உள்ளது என்று சொல்லும் இரண்டாவது கோப்போ, பலகையில் உண்மையாக நிற்கும் நிலைக்கு மட்டுமே தேவைப்படுகிறது. நடைமுறையில் இந்த வேறுபாடுதான் எனக்கு மிகவும் உதவியது. எல்லாவற்றையும் யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருந்தபோது, கோட்டை இறுதிநிலைகளை ஆராய்கையில் எஞ்சினின் வேகம் கண்கூடாக விழுந்தது. முதல்வகைக் கோப்புகளை வேகமான சேமிப்பகமான எஸ்.எஸ்.டிக்கு மாற்றி, மற்றவற்றை ஹார்ட் டிஸ்க்கிலேயே விட்டு, இரு கோப்புறைகளையும் எஞ்சினுக்குக் காட்டியதும் நிலைமை சீரானது. எஞ்சின் தான் ஆராய்ந்த நிலைகளைக் குறித்துவைக்கும் ஹேஷுக்கு நினைவகம் முழுவதையும் தாரைவார்க்காமல் கொஞ்சம் மிச்சம் விடுவதும் நல்லது. அடிக்கடி படிக்கப்படும் கோப்புப் பகுதிகளை இயங்குதளம் அங்கேதான் வைத்துக்கொள்கிறது.

முடிவின் துல்லியத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. ராணியும் காலாளும் ஒரு ராணிக்கு எதிராக நிற்கும் நிலைகளில், எஞ்சின் தனித்து நெடுநேரம் தடுமாறும் இடத்தில் அட்டவணை உடனே தீர்ப்புச் சொல்கிறது. இரு குதிரைகள் ஒரு காலாளுக்கு எதிராக ஆடும் நிலைகளில் 115 நகர்வுகள் வரை நீளும் வெற்றிகள் உண்டு. அவற்றுள், வெட்டோ காலாள் நகர்வோ இன்றி 50 நகர்வுகள் கடந்தால் சமநிலை கோரலாம் என்ற 50 நகர்வு விதியால் சமநிலையாகிவிடுபவற்றையும் சிஸிஜி பிரித்துக் காட்டுகிறது.

ஆயினும் பிள்ளைகளுக்குக் காட்டும்போது எச்சரிக்கை வேண்டும். அட்டவணையில் உறுதியான வெற்றிக்கு எஞ்சின் (காலாள் கணக்கில்) 200க்கு அண்மையான மதிப்பைக் கொடுப்பதால், மேலதிகக் கோட்டையுடன் இயல்பாக வெல்லக்கூடிய ஆட்டத்தில்கூட, அந்தக் கோட்டையைக் கொடுத்து ஐந்து காய் வெற்றிக்குள் இறங்கிவிடும். கணக்குச் சரிதான், பத்து வயதுப் பிள்ளை அதைப் பார்த்து எதைப் படிக்கும்? ஆகவே வெல்லும் முறையைக் கற்பிக்கும்போது அட்டவணையை நிறுத்திவிட்டு, முடிவைச் சரிபார்க்க மட்டும் இயக்குகிறேன்.

ஏழு காய் நிலைகளை லீசெஸ் என்ற இணையச் சதுரங்கத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஒரு நிலைக்குச் செலவாகும் டேட்டா மிகச் சொற்பம். எஸ்.எஸ்.டியில் இடமில்லாதவர்கள் ஆறு காய்த் தொகுதிக்காக அலைய வேண்டாம் என்பதே என் கருத்து.