மாவுப்பூச்சியா, செதில் பூச்சியா? கரும்பின் காய்ந்த சோகையை உரித்துப் பாருங்கள்

பெங்களூரில் இருந்துகொண்டு ஞாயிறுதோறும் மண்டியா போய்க் கரும்பைப் பார்த்து வருகிறவர்கள் இந்த இரண்டையும்தான் அடிக்கடி குழப்பிக்கொள்கிறார்கள்.

கணுவை ஒட்டி வெள்ளைப் பொடி, அதற்குள் இளஞ்சிவப்பாக, தொட்டால் நசுங்கும் பூச்சி இருந்தால் மாவுப்பூச்சி. இனிப்புக் கழிவை விடுவதால் எறும்பு ஏறும், கரும்பூஞ்சணம் படியும். தேங்கிய நீரை வடித்து, எறும்பை ஒழித்தாலே பாதி வேலை முடிந்தது.

செதில் பூச்சி இனிப்புக் கழிவு விடாது, அதனால் எறும்பு தேடி வராது. இரு கணுக்களுக்கு இடைப்பட்ட தண்டு முழுக்க மிளகுத்தூளை ஒட்டியதுபோல் சாம்பல் கறுப்புப் புள்ளிகள். நகத்தால் சுரண்டினால் ஓடு தனியாகப் பெயரும். தாக்கம் முற்றினால் கரும்பு சுருங்கிவிடும், பிளந்தால் உள்ளே பழுப்புச் சிவப்பு. நம் கணக்கில் இதுதான் மோசம். வளர்ந்த பூச்சி ஓட்டுக்குள் இருப்பதால் மேலே தெளிக்கும் மருந்து எளிதில் எட்டாது; ஊர்ந்து திரியும் குஞ்சுப் பருவத்தில்தான் அடிபடும்.

எனவே பூச்சியில்லாத விதைக்கரணை (நடுவதற்கு வெட்டும் கரும்புத் துண்டு), நட்ட 150, 210ஆம் நாள்களில் சோகை உரிப்பு. தாக்கிய வயலில் மறுதாம்பு (வெட்டிய கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும் பயிர்) விடவே கூடாது. பளபளக்கும் கறுப்புப் பொறிவண்டு தென்பட்டால் மருந்தை நிறுத்துங்கள்; அது செதில் பூச்சியைத் தின்ன வந்தது.