குழந்தைகளின் சட்டைக் கறையும் மூன்று சலவைப் பொருள்களும்: வீட்டில் செய்து பார்த்த ஒப்பீடு

மளிகைக் கடையில் சலவைப் பொருள்கள் இருக்கும் அடுக்கில், விலை குறைந்த தூளும் அதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு விலையுள்ள தூளும் அடுத்தடுத்து இருக்கின்றன. இரண்டின் உறையிலும் கடினமான கறை நீங்கும் என்றே அச்சிட்டிருக்கிறார்கள். பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்த விலை வேறுபாடு ஆண்டு முழுவதும் சேர்ந்தால் ஒரு நல்ல தொகையாகிவிடும். அந்தக் கூடுதல் பணம் எந்தக் கறைக்கு உண்மையிலேயே வேலை செய்கிறது, எந்தக் கறைக்கு வீணாகிறது என்பதை, கறைகளை உண்டாக்குவதில் தேர்ந்த என் பிள்ளைகளையே உடன் வைத்துக்கொண்டு கோடை விடுமுறையில் சோதித்துப் பார்த்தேன்.

எடுத்துக்கொண்ட பொருள்கள் மூன்று. முதலாவது, கையால் துவைப்பதற்கென்று விற்கும் விலை குறைந்த தூள். இரண்டாவது, முன்பக்கக் கதவுள்ள வாஷிங் மெஷினுக்கான தூள்; இதில் நொதிகளும் (கறையின் புரதம், மாவுச்சத்து போன்றவற்றை உடைக்கும் பொருள்கள்) ஆக்சிஜன் வெளுப்பானும் (கறையின் நிறத்தைச் சிதைக்கும் பொருள்) இருப்பதாகப் பொதியின் பின்புறம் குறிப்பிட்டிருந்தது. மூன்றாவது, மெஷினுக்கான திரவம். இதில் நொதிகள் உண்டு, வெளுப்பான் இல்லை. இவற்றின் பெயர்களை நான் இங்கே சொல்லவில்லை. ஒரே வகையைச் சேர்ந்த தூள்களைப் பெரும்பாலும் ஒரே விதமான பொருள்களைக் கொண்டே செய்கிறார்கள் என்பதால், வாங்குபவருக்கு உறையின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கமே அதிகம் பயன்படும். வெறும் தண்ணீரிலும் ஒரு துணியைப் போட வேண்டும் என்று மூத்தவள் வற்புறுத்தினாள். பள்ளி அறிவியல் பாடத்தில் படித்த ஒப்பீட்டு முறை அது. அவள் சொன்னதைச் சேர்த்துக்கொண்டது இந்தச் சோதனைக்குப் பெரிய உதவியாக இருந்தது.

துணியாக ஒரு பழைய வெள்ளைப் பருத்தி வேட்டியையும், இளையவனுக்குச் சின்னதாகிப் போன பள்ளிச் சட்டையையும் கைக்குட்டை அளவுத் துண்டுகளாக வெட்டினோம். பள்ளிச் சீருடைகள் பெரும்பாலும் பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த துணிகள் என்பதால், பருத்தியில் மட்டும் சோதித்தால் முடிவு அரைகுறையாகவே இருக்கும். எந்தத் துண்டு எந்தத் தூளுக்கு உரியது என்று பேனாவால் எழுதினால் அதுவும் ஒரு கறையாகிவிடும் என்பதால், மூத்தவள் ஒவ்வொரு துண்டின் மூலையிலும் வண்ண நூலால் ஒரு முடிச்சுப் போட்டாள்: விலை குறைந்த தூளுக்குச் சிவப்பு, மெஷின் தூளுக்குப் பச்சை, திரவத்துக்கு நீலம், வெறும் தண்ணீருக்கு முடிச்சில்லை. சாம்பார், முட்டை மஞ்சள் கரு, சாக்லேட் பால், தேநீர், நாவல் பழச் சாறு, செம்மண், புல், தேங்காய் எண்ணெய், பால்பாயிண்ட் பேனா மை, வாழைக்காய்ப் பால் ஆகிய கறைகளைப் பிள்ளைகள் மிகுந்த உற்சாகத்துடன் பூசினார்கள். ஓர் இரவு முழுவதும் காயவிட்ட பிறகு, பொதியில் சொன்ன அளவுப்படி தூளைக் கரைத்து, எல்லாத் துண்டுகளையும் ஒரே நேரம் ஊறவைத்து, ஒரே மாதிரி அலசினோம்.

முதலில் சாம்பார் கறையைச் சொல்ல வேண்டும், ஏனெனில் தமிழ்நாட்டு வீடுகளில் பிள்ளைகளின் சட்டையில் மிக அதிகமாகப் படிவதும், தாய்மார்களை மிக அதிகமாக வருத்துவதும் அதுதான். சாம்பாரில் எண்ணெய், பருப்பு, புளி, மிளகாய் நிறம் எல்லாம் இருந்தாலும் கடைசி வரை துணியில் நிற்பது மஞ்சள். மஞ்சளின் நிறத்தைத் தரும் குர்குமின் தண்ணீரில் எளிதில் கரையாது, எண்ணெயில் கரையும், காரத்தன்மை உள்ள நீரில் சிவந்துவிடும். விலை குறைந்த தூளில், நீருக்கு அந்தக் காரத்தன்மையைத் தரும் சோடா உப்பின் பங்கு அதிகம். அந்த வாளியில் போட்ட சில நொடிகளிலேயே மஞ்சள் வட்டம் செங்கல் நிறத்துக்கு மாறியது. "அம்மா, ரத்தம் மாதிரி ஆயிடுச்சு!" என்று இளையவன் பயந்து கத்தினான். கறை மோசமாகிவிட்டது என்று நினைத்துப் பலரும் இந்த இடத்தில்தான் துணியைப் போட்டுத் தேய்க்கத் தொடங்குகிறார்கள், அதற்குத் தேவையில்லை. நல்ல தண்ணீரில் அலசியதும் சிவப்பு போய் மீண்டும் மஞ்சளே தெரிந்தது.

மூன்று பொருள்களில் எதுவும் மஞ்சளை ஒரே சலவையில் முழுமையாகப் போக்கவில்லை. மெஷின் தூள் எண்ணெயையும் பருப்பையும் எடுத்துவிட்டு வெளிறிய மஞ்சளை விட்டுவைத்தது. திரவமும் ஏறக்குறைய அப்படியே. விலை குறைந்த தூளில் மஞ்சளின் விளிம்பு நன்றாகவே தெரிந்தது. பிறகு எல்லாத் துண்டுகளையும் ஈரத்தோடு மொட்டை மாடியில் நேர் வெயிலில் காயப்போட்டோம். குர்குமின் வெளிச்சத்தில் சிதையும் பொருள். மாலையில் எடுத்தபோது மெஷின் தூளில் துவைத்த துண்டு வெள்ளையாகிவிட்டது. விலை குறைந்த தூளில் துவைத்ததில், கூர்ந்து பார்த்தால் மட்டும் தெரியும் அளவுக்கு ஒரு சாயல் இருந்தது. மறுநாள் நனைத்து மீண்டும் வெயிலில் போட்டபோது அதுவும் போயிற்று. ஆகவே சாம்பார் கறைக்காக மட்டும் விலை உயர்ந்த தூள் வாங்குபவருக்கு, மாடியில் வெயில் விழும் கொடி இருந்தால், அந்தச் செலவு தேவையில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பின் உள்முற்றத்தில் நிழலில் துணி காயும் வீட்டுக்கு இது பொருந்தாது.

கூடுதல் விலைக்கு முழு நியாயம் கிடைத்த இடம் முட்டையும் சாக்லேட் பாலும்தான். காய்ந்து தகடுபோல ஒட்டிக்கொண்டிருந்த மஞ்சள் கருவை விலை குறைந்த தூள் மேலாக மட்டுமே கரைத்தது. விரலால் தடவினால் அந்த இடம் மொரமொரப்பாக இருந்தது. மெஷின் தூளிலும் திரவத்திலும் ஊறிய துண்டுகளில் அந்த இடம் துணியின் மற்றப் பகுதியைப் போலவே மென்மையாக இருந்தது. புரதத்தை உடைக்கும் நொதியும் மாவுச்சத்தை உடைக்கும் நொதியும் செய்யும் வேலை இது. சாப்பிட்ட முட்டையைச் செரிக்கவைக்கும் அதே வகைப் பொருள்தான் தூளிலும் இருக்கிறது என்று சொன்னபோது பிள்ளைகள் வாளியை எட்டிப் பார்த்த விதம் வேறாகிவிட்டது. அது வெறும் உவமையும் அல்ல: 1913-இல் ஜெர்மனியில் ஓட்டோ ரோம் என்ற வேதியியலாளர், விலங்குகளின் கணையத்திலிருந்து எடுத்த நொதியைத் துணி துவைக்கப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நுண்ணுயிரிகளிலிருந்து நொதியைப் பிரித்தெடுக்கும் முறை 1960-களில் பரவிய பிறகுதான் அவை சாதாரணச் சலவைத் தூளுக்குள் வந்தன.

நொதிக்கு வேண்டியது நேரம். ஊறவைக்காமல் மெஷினின் குறுகிய சுற்றில் போட்ட துண்டில் மெஷின் தூளுக்கும் விலை குறைந்த தூளுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. அவசரத்தில் துவைக்கும் வீட்டில் நொதிக்காகக் கொடுத்த பணம் சாக்கடையில்தான் போகிறது என்று துணிந்து சொல்வேன். வெதுவெதுப்பான நீர் உதவும். கொதிக்கும் நீர் கெடுக்கும், ஏனெனில் அந்தச் சூட்டில் நொதியும் செயலிழக்கும், முட்டையும் ரத்தமும் வெந்து நூலோடு இறுகிவிடும். சோதனைக்கு இடையில் ஒரு நாள் இளையவன் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தான். அவனுடைய கால்சட்டையில் பட்ட ரத்தத்தை உடனே குழாயின் குளிர்ந்த நீரில் அலசியபோது எந்தத் தூளும் இல்லாமலேயே அது போய்விட்டது. வெறும் தண்ணீர் வேண்டும் என்று மூத்தவள் கேட்டதன் அருமை அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

நாவல் பழச் சாறு மூன்று வாளியிலும் ஊதாவிலிருந்து நீலம் கலந்த சாம்பல் நிறத்துக்கு மாறியது. மெஷின் தூள் அதை அறவே போக்கியது. திரவம் சாம்பல் தடத்தை விட்டுவைத்தது. தேநீரிலும் இதே வரிசைதான். மெஷின் தூளில் உள்ள சோடியம் பெர்கார்பனேட் தண்ணீரில் கரையும்போது ஹைட்ரஜன் பெராக்சைடை வெளியிட்டு நிறத்தைச் சிதைக்கிறது. திரவத்தில் அந்தப் பொருள் நிலைத்து நிற்காது என்பதால் பொதுவாகச் சேர்ப்பதில்லை. பழமும் தேநீரும் அதிகம் சிந்தும் வீட்டில் திரவத்தைவிடத் தூளே நல்லது. ஆனால் அடர் நிறத் துணிகளுக்குத் திரவமே பாதுகாப்பு. தூளின் கரையாத துகள்கள் கறுப்புக் கால்சட்டையில் வெள்ளைப் புள்ளிகளாக ஒட்டுவதும் திரவத்தில் இல்லை.

செம்மண்ணுக்கு எந்த நொதியும் வேண்டாம். நன்றாகக் காயவிட்டு, பிரஷ்ஷால் உதறி, பிறகு துவைத்த துண்டுகள் மூன்று பொருள்களிலும் ஒரே மாதிரி வந்தன. ஈரமாக இருக்கும்போதே தேய்த்த துண்டில்தான் மண் இழைக்குள் ஏறிக்கொண்டது. புல்லில் மெஷின் தூள் முந்தியது. பேனா மையை எதுவும் அசைக்கவில்லை. துவைப்பதற்கு முன்பே, துணிக்கு அடியில் பஞ்சை வைத்து, மேலிருந்து சானிடைசரைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஒற்றியெடுத்தால் மை பஞ்சுக்கு இறங்கிவிடுகிறது. சானிடைசர் எளிதில் தீப்பற்றும் என்பதால் இதை அடுப்பங்கரையில் செய்யக் கூடாது. பிள்ளைகள் கையில் கொடுக்கவும் கூடாது.

தேங்காய் எண்ணெய் எதிர்பாராத பாடம். வேட்டித் துண்டிலிருந்து மூன்று பொருள்களும் எண்ணெயை எடுத்தன. பள்ளிச் சட்டைத் துண்டில் எல்லாவற்றிலும் கொஞ்சம் தங்கியது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அந்த இடம் கண்ணாடிபோல் தெரிந்தது. பாலியஸ்டருக்கு எண்ணெய் மேல் உள்ள ஒட்டுதல் அப்படி. காலரில் தலை எண்ணெய் படியும் இடத்தில் பாத்திரம் துலக்கும் திரவத்தை ஒரு சொட்டு விட்டுச் சிறிது நேரம் கழித்துத் துவைத்தால், விலை குறைந்த தூளிலேயே அது போய்விடுகிறது.

கோயம்புத்தூரில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு அவசியம். எங்கள் வீட்டில் மாநகராட்சிக் குழாயில் சிறுவாணித் தண்ணீரும், மேல்தொட்டியில் போர்வெல்லின் உப்புத் தண்ணீரும் வருகின்றன. அதே கறை, அதே தூள், அதே அளவு என்று இரண்டிலும் துவைத்துப் பார்த்தபோது, உப்புத் தண்ணீரில் மெஷின் தூளின் வேலை பாதியாகக் குறைந்ததுபோல் இருந்தது, துணியும் விறைத்தது. உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் தூளின் ஒரு பகுதியை முதலில் தங்களுக்கே பிடித்துக்கொள்கின்றன. இந்தியத் தர நிர்ணய அமைப்பு குடிநீரின் கடினத்தன்மைக்கு, அதாவது இந்த உப்புகளின் அளவுக்கு, லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க வரம்பாகவும், வேறு நீர் இல்லாதபோது 600-ஐ உச்ச வரம்பாகவும் வைத்திருக்கிறது. போர்வெல் நீர் இவற்றைத் தாண்டுவது பல ஊர்களில் வழக்கம். அப்படிப்பட்ட வீட்டில் விலை உயர்ந்த தூளுக்கு மாறுவதற்கு முன், பள்ளிச் சீருடைகளை மட்டுமாவது நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பார்க்கலாம்.

பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த சோதனை, கள்ளநோட்டுப் பார்க்கும் புற ஊதா விளக்கை இருட்டறையில் துண்டுகளின் மேல் பிடித்தது. மூன்று பொருள்களில் துவைத்தவையும் நீலமாக ஒளிர்ந்தன. வெறும் தண்ணீரில் துவைத்தது மங்கலாகவே இருந்தது. புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தரும் பொருளைத் தூளில் சேர்க்கிறார்கள். பழுப்பேறிய துணியையும் அது வெண்மையாகக் காட்டும். பகல் வெளிச்சத்தில் சுத்தமாகத் தெரிந்த ஒரு துண்டில், அந்த நீலத்தின் நடுவே நாவல் பழத் தடம் கறுத்துத் தெரிந்தது. 'பளீர் வெண்மை' என்ற உறுதிமொழியும் கறை நீங்குதலும் வேறு வேறு என்று இதைவிடத் தெளிவாகப் பிள்ளைகளுக்குக் காட்ட முடியாது.

இந்தச் சோதனையைச் செய்ய விரும்பும் பெற்றோருக்குச் சில எச்சரிக்கைகள். தூளை அளந்து போடுவதும் வாளியில் கைவிடுவதும் பெரியவர் வேலையாகவே இருக்கட்டும். நொதித் தூளின் புழுதி மூச்சில் போகக் கூடாது, திரவம் கண்ணில் பட்டால் மிகவும் எரியும். குளோரின் ப்ளீச்சை வினிகரோடோ கழிப்பறை ஆசிட்டோடோ ஒருபோதும் சேர்க்கக் கூடாது. நச்சு வாயு உண்டாகும். மகளின் பட்டுப் பாவாடையை நொதி உள்ள எந்தத் தூளிலும் போடக் கூடாது. பட்டும் கம்பளியும் புரதம் என்பதால், முட்டையைக் கரைக்கும் நொதி அவற்றின் இழையையும் அரிக்கும்.

வாழைக்காய்ப் பால் கறை மட்டும் எதிலும் போகவில்லை. முதலில் கண்ணுக்கே தெரியாமல் இருந்து, காய்ந்தபின் பழுப்பாகி, மெஷின் தூளில் ஓர் இரவு ஊறியும் பழுப்பின் அடர்த்திதான் கொஞ்சம் குறைந்தது.

இப்போது எங்கள் வீட்டில் இரண்டு தூள்கள் இருக்கின்றன. அன்றாட வீட்டுத் துணிகளுக்கும் மண் படிந்த விளையாட்டு உடைகளுக்கும் விலை குறைந்த தூளைப் பயன்படுத்துகிறேன். முட்டை, பால், பழம், தேநீர் பட்ட வெள்ளைச் சீருடைகளுக்கு மட்டும் மெஷின் தூளைச் சிறு பொதியாக வாங்கி, வெதுவெதுப்பான சிறுவாணித் தண்ணீரில் ஊறவைக்கிறேன். திரவம் தீர்ந்த பிறகு மறுபடி வாங்கவில்லை; கறுப்பு உடைகள் அதிகம் உள்ள வீட்டுக்கு அதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.